புது மேயர் முதல் வருஷத்தில் எதில் கை வைக்க வேண்டும்? கணக்குப் பிரிவில் இருந்தவன் சொல்லும் பதில்

நீங்கள் எழுதியிருந்தது இது: "எங்கள் ஊர் 2024இல் மாநகராட்சி ஆனது. நகராட்சித் தலைவராக இருந்தவரே மேயர் ஆனார். அடுத்த தேர்தலில்தான் முதல்முறையாக மேயருக்கு ஓட்டுப் போடப் போகிறோம். நியூயார்க்கில் மம்தானி இலவசப் பேருந்து, வாடகை ஏறாது என்றெல்லாம் சொல்லி ஜெயித்தாரே, அந்த மாதிரி நம் மேயர் ஏதாவது செய்ய முடியுமா? வந்ததும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?" இதில் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்த நாற்காலிக்கு ஏதாவது பலம் இருக்கிறதா, இருந்தால் ஒரு நல்ல ஆள் அதை எங்கே செலவழிக்க வேண்டும் என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் மூன்று மாநகராட்சிகளில் கணக்குப் பிரிவில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் அதிகாரியே நடத்திய தனி அலுவலர் காலமும் பார்த்தேன், மேயர்கள் காலமும் பார்த்தேன். சட்டமும் கணக்கும் எனக்குத் தெரியும். மழைநீர் வடிகால் எந்தச் சரிவில் போக வேண்டும் என்பதற்கெல்லாம் பொறியாளரைத்தான் கேட்க வேண்டும், அதில் நான் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு திருத்தம். இன்றைய சட்டப்படி நீங்கள் மேயருக்கு ஓட்டுப் போடப் போவதில்லை. உங்கள் வார்டு கவுன்சிலருக்குத்தான் போடுவீர்கள், கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். இது நம் மாநிலத்தில் மாறி மாறி வந்திருக்கிறது: 1996, 2001இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2006இல் கவுன்சிலர்கள் வழியாக, 2011இல் மறுபடி நேரடியாக, 2022இல் மறுபடி கவுன்சிலர்கள் வழியாக. அடுத்த தேர்தலுக்குள் திரும்பவும் மாற்ற மாட்டார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் மேயர் எப்படி நடந்துகொள்வார் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ஊர் முழுக்க ஓட்டு வாங்கி வந்தவர் மாநகராட்சி ஆணையரிடம் பேசுகிற தொனி வேறு, கட்சித் தலைமை பெயர் சொல்லி, கவுன்சிலர்கள் கை தூக்கி உட்கார வைத்தவர் பேசுகிற தொனி வேறு. இரண்டு வகையோடும் வேலை பார்த்திருக்கிறேன், அந்த வித்தியாசம் ஃபைல் நகரும் வேகத்திலேயே தெரியும்.

இனி அதிகாரம். சட்டத்தில் மேயர் மாமன்றத்தின், அதாவது கவுன்சிலர்கள் கூடும் மன்றத்தின் தலைவர், நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மன்றம் போட்ட தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 18 பணிகளைப் பட்டியல் போட்டு, இவற்றை நகர உள்ளாட்சிகளிடம் கொடுக்கலாம் என்று சொன்னது. "கொடுக்கலாம்" என்ற சொல்தான் அங்கே முக்கியம், "கொடுத்தே ஆக வேண்டும்" என்று இல்லை. அதனால் சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978இலிருந்து தனி வாரியம், நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமம், பேருந்து போக்குவரத்துக் கழகம், போக்குவரத்துப் போலீஸ் உள்துறை. உங்கள் மாதிரி ஊரில் குடிநீர் விநியோகம் மாநகராட்சி கையில்தான் இருக்கும், அந்த வகையில் உங்கள் மேயருக்குச் சென்னை மேயரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேலை இருக்கிறது.

நியூயார்க்கோடு ஒப்பிட்டீர்கள். அங்கே போலீஸ் கமிஷனரை நியமிப்பவர் மேயர், பள்ளிகள் மேயர் கையில், பட்ஜெட் அவர் போடுவது. ஆனால் நீங்கள் சொன்ன இலவசப் பேருந்தையே எடுங்கள்: அந்தப் பேருந்துகளை ஓட்டும் அமைப்பு மாநில அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதற்கெல்லாம் பணம் தேடிப் பணக்காரர்களின் வருமான வரியை ஏற்ற வேண்டுமானாலும் மாநிலத் தலைநகர் ஆல்பனி சம்மதிக்க வேண்டும். வாடகை விஷயத்தில்தான் அவருக்கு நேரடிப் பிடி உண்டு, வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள வீடுகளின் வாடகை உயர்வைத் தீர்மானிக்கும் ஒன்பது பேர் குழுவை மேயர்தான் நியமிக்கிறார். ஆக அவ்வளவு பெரிய மேயரின் வாக்குறுதிகளிலேயே ஒன்று தன் கையில், மற்றது அடுத்தவர் கையில். புதிதாக வருகிற எந்த மேயரும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இந்தப் பிரிப்பைத்தான்: எது என் கையெழுத்தில் நடக்கும், எதற்கு நான் போய் நிற்க வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் மேடையில் பேசிவிட்டு, ஆறு மாதம் கழித்து ஊருக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாநில அரசு ஒத்துழைத்தால் என்ன, ஒத்துழைக்காவிட்டால் என்ன என்பதற்குச் சென்னையே பாடம். 1973இல் மஸ்டர் ரோல் ஊழலில், அதாவது இல்லாத ஆட்கள் பெயரில் கூலி போட்ட விவகாரத்தில், மாமன்றத்தைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகு 23 வருஷம் தேர்தலே இல்லை. தப்புச் செய்தவர்களைத் தண்டிக்க ஒரு தலைமுறைக்கே கவுன்சிலர் என்றால் யார் என்று தெரியாமல் போனது. 1996இல் தேர்தல் வந்து மு.க. ஸ்டாலின் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் ஆனார். கோட்டையிலும் அதே கட்சி, முதலமைச்சர் அவருடைய அப்பா. மேம்பாலங்கள் வரிசையாக எழுந்தன. 2001இல் அதே ஆள், அதே நாற்காலி, இன்னொரு முறை மக்கள் ஓட்டு, ஆனால் கோட்டையில் எதிர்க்கட்சி. 2002இல் ஒருவரே இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள், எம்.எல்.ஏ.வாகவும் இருந்த அவர் மேயராகத் தொடர முடியவில்லை. ஆளும் மாறவில்லை, திறமையும் மாறவில்லை. மேலே இருப்பவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். அதனால் "அந்த மேயர் எவ்வளவு செய்தார், இவர் ஒன்றும் செய்யவில்லை" என்று ஒப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அப்போது மேலே யார் இருந்தார்கள் என்பதைத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் சட்டமும் நடந்ததும், சந்தேகத்துக்கு இடமில்லாதது. இனி சொல்லப்போவது என் அனுபவத்திலிருந்து வரும் கருத்து, மாற்றுக் கருத்து உள்ள அதிகாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் பார்வையில் புது மேயரின் முதல் வேலை புதுத் திட்டம் அறிவிப்பது கிடையாது, கணக்குப் பார்ப்பது. நான் வேலை பார்த்த ஒரு மாநகராட்சியில், பெயர் வேண்டாம், பதவி ஏற்ற இரண்டாம் நாளே ஒரு மேயர் எங்கள் பிரிவுக்கு நேரில் வந்தார். பெரிய படிப்பெல்லாம் இல்லை, மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்த ஊரை ஒரு நாள் ஓட்ட எவ்வளவு ஆகுது?" சம்பளம், பென்ஷன், குப்பை வண்டி டீசல், தெருவிளக்கு கரண்ட் பில், நீரேற்று நிலைய கரண்ட் பில், குளோரின், பிளீச்சிங் பவுடர், ஒப்பந்தத் தூய்மைப் பணி, கடன் தவணை என்று எல்லாம் தனித்தனி ரிஜிஸ்டரில் இருந்தது, சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. எங்களுக்கு நாலு நாள் ஆனது. அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு வருது?" அந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு அப்புறம் யார் எந்தத் திட்டத்தோடு வந்தாலும் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். நான் பார்த்ததில் சிறந்த மேயர் அவர்தான்.

உங்கள் ஊர் மேயர் வந்ததும் கேட்க வேண்டிய ரிஜிஸ்டர் டி.சி.பி. என்று அலுவலகத்தில் சொல்வார்கள், கேட்பு, வசூல், நிலுவை. சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஒவ்வொன்றிலும் எவ்வளவு வர வேண்டியது, எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது என்று இருக்கும். நிலுவைப் பட்டியலை மேலிருந்து கீழாக, பெரிய தொகை முதலில் வரும்படி அடுக்கித் தரச் சொல்ல வேண்டும். மேலே உள்ள நூறு பெயர்களைப் பார்த்தாலே ஊரின் அரசியல் புரிந்துவிடும். கல்யாண மண்டபம் குடியிருப்பு என்று பதிவாகியிருக்கும். மூன்று மாடி ஜவுளிக் கடைக்கு ஒரு மாடிக்குத்தான் வரி போட்டிருக்கும். மாநகராட்சியின் சொந்தக் கடைகளை ஏலம் எடுத்தவர் ஒரு வாடகை கட்டிவிட்டு, உள்வாடகைக்கு விட்டு பல மடங்கு வாங்கிக்கொண்டிருப்பார். இதையெல்லாம் சரிசெய்ய புதுச் சட்டம் வேண்டாம், கோட்டையின் அனுமதி வேண்டாம், வரி விகிதத்தை ஒரு பைசா ஏற்ற வேண்டாம். மனசும் கொஞ்சம் தைரியமும் வேண்டும், ஏனென்றால் அந்த நூறு பேரில் பத்துப் பேராவது மேயருக்கு மாலை போட்டவர்களாக இருப்பார்கள்.

வரி விகிதத்தை ஏற்றுவது வேறு கதை. சென்னையில் 1998க்குப் பிறகு சொத்து வரியை யாரும் தொடவில்லை. 2018 ஜூலையில் ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்தது, 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச்சில் புது மன்றங்கள் பதவி ஏற்றன, ஏப்ரல் மாதம் 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை உயர்வு என்று அரசு அறிவித்தது, ஒன்றிய நிதிக்குழு மானியம் வாங்க அது ஒரு நிபந்தனை. ஆக அன்று புதிதாக வந்த 21 மேயர்களும், அவர்களில் 11 பேர் பெண்கள், சென்னையில் 28 வயது பிரியா உட்பட, முதலில் நிறைவேற்றிய பெரிய தீர்மானங்களில் ஒன்று வேறொருவர் முடிவு செய்த வரி உயர்வு. அந்த உயர்வு அவசியமானதுதான் என்பது என் உறுதியான எண்ணம், 20 வருஷமாக விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும்போது வரி மட்டும் அப்படியே நின்றால் ஊர் எப்படி நடக்கும்? ஆனால் சின்னச் சின்னதாக வருஷா வருஷம் ஏற்றியிருக்க வேண்டியதை ஒரே அடியாக ஏற்றியதில், ஓய்வூதியத்தில் வாழும் ஒரு வயதானவர் என் மேஜை முன்னால் நின்று நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குவது மாதிரியான காட்சிகள் எந்த ஊரிலும் தவிர்க்க முடியாதவை ஆகிவிடுகின்றன. நான் பணியில் இருந்தபோது ஒரு பொதுச் சீராய்வின்போது, அதாவது ஊர் முழுக்கச் சொத்து வரியை மாற்றி அமைத்தபோது பார்த்த காட்சி அது, இன்னும் மறக்கவில்லை.

செலவுப் பக்கத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும், ஓட்டுவதற்குக் கிடைக்காது. 2025 மார்ச் வரை ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் இருந்தது, அம்ருத் மாதிரி திட்டங்கள், மாநில அரசு நிறுவனமான டுஃபிட்கோவின் கடன் என்று எதையாவது கட்டப் பல வாசல்கள் உண்டு. கட்டியதைக் கழுவ, விளக்குப் போட, மோட்டார் பழுது பார்க்க யாரும் மானியம் தருவதில்லை. ஒரு ஊரில் ரவுண்டானாவில் வண்ண விளக்கோடு நீரூற்று வைத்தோம். திறப்பு விழாவுக்கு ஊரே கூடியது. இரண்டாம் வருஷம் பம்ப் போனது, மாற்ற நிதி ஒதுக்கவில்லை, மூன்றாம் வருஷம் அதில் கொசுப்புழு இருக்கிறது என்று எங்கள் சுகாதாரப் பிரிவே அறிக்கை கொடுத்தது. சென்னையில் 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், எத்தனையோ பேர் வயிறு நிறைந்தது, அதில் எனக்குக் கொஞ்சமும் குறை இல்லை. ஆனால் அதன் நட்டம் மாநில பட்ஜெட்டில் விழாமல் மாநகராட்சியின் சொந்த நிதியில் விழுந்தது. பசி தீர்ப்பது மாநிலத்தின் கொள்கை என்றால் பணமும் அங்கிருந்து வர வேண்டும் என்று அப்போதே மன்றத்தில் யாராவது எழுந்து கேட்டிருக்க வேண்டும்.

கனவே கூடாது என்று சொல்லவில்லை. ஒன்று போதும், அது தன் கைக்கு எட்டுவதாக இருந்தால். 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடத் தீர்மானம் கொண்டுவந்தார், தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். பள்ளி மாநகராட்சியுடையது, பணம் மாநகராட்சியுடையது, முடிவு மன்றத்துடையது. பிள்ளைகள் வருகை ஏறியது, இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரித்தார்கள், 1925இல் ஆங்கிலேய அரசு கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்றதும் நின்றது. நின்றாலும் அந்த ஓர் அணாவின் தொடர்ச்சியைத்தான் இன்று வரை நம் பிள்ளைகள் தட்டில் பார்க்கிறோம். உங்கள் மேயரிடம் யாராவது மெட்ரோ ரயில் கேட்டால் அவர் இந்தக் கதையைச் சொல்லலாம்.

கைக்கு எட்டும் வேலைகளில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது தூய்மைப் பணியாளர்களின் சம்பளம். இப்போது பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். நிறுவனம் பில் கொடுக்கிறது, நாங்கள் பாஸ் செய்கிறோம், இடையில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு தலைக்கு இவ்வளவு என்று பில்லில் இருக்கும், அந்த அம்மா கைக்கு வருவது அதில் கணிசமாகக் குறைந்திருக்கும். பி.எஃப். பிடித்ததாகச் சீட்டில் இருக்கும், கணக்கில் ஏறியிருக்காது. மேயர் செய்ய வேண்டியது எளிது: பில்லோடு பி.எஃப். கட்டிய சலானும், ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் பணம் ஏறிய பட்டியலும் இல்லாமல் பாஸ் ஆகக் கூடாது என்று மன்றத்தில் தீர்மானம் போடுவது, அப்புறம் மாதம் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு மஸ்டர், அதாவது ஆள் வருகை எடுக்கும் இடத்தில் போய் நின்று பெயர்களைக் கேட்பது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். தனியாருக்குக் கொடுப்பது சரியா தப்பா என்பதில் நியாயமான வாதங்கள் இரண்டு பக்கமும் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில், சேமிப்பு என்று காகிதத்தில் காட்டப்படுவதில் பெரும்பகுதி அந்தத் தொழிலாளியின் கூலியிலிருந்து எடுத்ததுதான். இது என் அனுபவம், எல்லா ஊருக்கும் இதுவே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மழை ஒரு காலக்கெடு. போன தடவை மாதிரி மார்ச்சில் பதவி ஏற்றால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, இடையில் ஆறு மாதம். அதற்குள் இருக்கிற வடிகாலைத் தூர் வாருவதுதான் செய்ய முடிந்த காரியம், புது வடிகால் கட்டுவதை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம். மழைக்கு முன்னால் பாதி தோண்டிப் போட்ட பள்ளம் எந்த வெள்ளத்தையும்விட ஆபத்து.

சரி, நடந்துகொள்ளும் விதம். மன்றக் கூட்டத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் மேயருக்கு முழுசாகச் சொந்தமான ஒரே இடம் அதுதான். பல ஊர்களில் நடப்பது என்னவென்றால், அஜெண்டாவில் நூறு பொருள் இருக்கும், தேநீர் ஆறுவதற்குள் "ஆல் பாஸ்". இன்னொரு பழக்கம் முன்அனுமதி: அவசரம் என்று மேயர் மன்றத்துக்கு முன்பே சம்மதம் கொடுத்துவிடுவார், வேலை முடிந்து பில்லும் போன பிறகு மன்றத்தின் பதிவுக்கு வரும். குழாய் உடைந்தால் இது தேவைதான். மாதத்தில் முப்பது கோப்பு முன்அனுமதியில் போனால் மன்றம் எதற்கு? முன்அனுமதியைக் குறைக்கிற மேயர் தன் அதிகாரத்தை விட்டுக்கொடுப்பதாகப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் அவர் தணிக்கை ஆட்சேபணையிலிருந்தும் கவுன்சிலர்களின் கோபத்திலிருந்தும் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

கவுன்சிலர்களின் கோபத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நெல்லையில் மேயருக்கு எதிராகச் சொந்தக் கட்சி கவுன்சிலர்களே நின்றார்கள். 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரை போய், அன்று யாரும் கூட்டத்துக்கு வராததால் அது விழுந்தது, ஜூலையில் மேயர் விலகினார். ஒவ்வொரு வார்டுக்கும் எவ்வளவு வேலை போயிருக்கிறது என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எதிர்க்கட்சி வார்டுகள் உட்பட மன்றத்தில் வைத்துவிட்டால், எனக்குத் தெரிந்து பாதிச் சண்டை அங்கேயே தணியும். கும்பகோணத்தில் 2022இல் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் முதல் மேயர் ஆனார். அப்படி எந்தப் பின்புலமும் இல்லாமல் வருகிறவருக்கு இந்த மாதிரி வெளிப்படையான பட்டியல்தான் பெரிய துணை, யாரும் தனியாக வந்து மிரட்ட முடியாது.

பெண் மேயர் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், தயக்கமில்லாமல் சொல்கிறேன். கணவரோ அண்ணனோ மேயர் அறையில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே அந்த அறையில் இரண்டாவது நாற்காலி போட விடக் கூடாது. ஒரு மேயர் அம்மா, ஆரம்பத்தில் கூட்டத்தில் தலை நிமிராமல் இருந்தவர், பட்ஜெட் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் தினம் பத்துப் பக்கம் படித்தார். புரியாததைக் குறித்து வைத்து என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். எட்டு மாதத்தில் ஒப்பந்ததாரர் பில்லில் ஒரே சாலையை இரண்டு பெயரில் போட்டிருந்ததை அவரே கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்காரரிடம் யாரும் போகவில்லை.

ஆணையரோடு மோதலாமா, அனுசரித்துப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். இதில் எனக்குத் தெளிவான விடை இல்லை. மோதி ஜெயித்தவர்களும் உண்டு, அனுசரித்தே ஒன்றும் செய்யாமல் ஐந்து வருஷம் போக்கியவர்களும் உண்டு. வாய்மொழியாகச் சொன்னதை அதிகாரிகள் மறந்துவிட முடியும், எழுதிக் கேட்டதை மறக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். மேயர் ஆவணம் கேட்டால் கொடுக்க வேண்டும், அந்த உரிமையை எழுத்தில் பயன்படுத்தினாலே அலுவலகத்தின் நடை மாறும். கொல்கத்தாவில் மேயரும் அவர் தேர்ந்தெடுத்த சில உறுப்பினர்களும் அமைச்சரவை மாதிரி நிர்வாகத்தையே நடத்துகிறார்கள், அந்த முறை இங்கே வந்தால் நல்லது என்று நினைக்கிறேன். அது வந்தால் ஊர் தானாகச் சுத்தமாகிவிடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை, பொறுப்பு யாருடையது என்று கை நீட்டிக் காட்ட முடியும், அவ்வளவுதான்.

மக்கள் பக்கம் வருகிறேன். சென்னையில் 2023இல் "மக்களைத் தேடி மேயர்" என்று மண்டலம் மண்டலமாகப் போய் மனு வாங்கினார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் மனுவோடு ஆயிரம் பேர் வரிசையில் நிற்பது அலுவலகம் தன் வேலையைச் செய்யவில்லை என்பதன் அடையாளமும்கூட. உங்கள் மேயர் மனு வாங்கட்டும், கூடவே எந்த வார்டில் எந்த வகைப் புகார் திரும்பத் திரும்ப வருகிறது என்று மாதம் ஒரு தாள் ஒட்டட்டும். அதைவிடப் பலமான ஒன்று ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது: வார்டு குழு, பகுதி சபா. 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபாக்கள் நடந்தபோது முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் உட்கார்ந்து கேட்டார். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒரு இடம். அதற்குப் பிறகு எத்தனை ஊரில் அது உயிரோடு நடக்கிறது என்பதை உங்கள் வார்டைப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடலாம். புது மேயர் முதல் வருஷத்தில் எல்லா வார்டிலும் பகுதி சபாவை நடத்தி, அங்கே வந்த கோரிக்கைகளை அப்படியே பட்ஜெட் குறிப்பில் சேர்த்தால், அதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு இல்லை.

நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. மாநகராட்சி பட்ஜெட் புத்தகம் பொது ஆவணம், கேட்டால் தர வேண்டும், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். கிடைத்ததும் திட்டங்கள் பக்கத்துக்குப் போகாதீர்கள். வரவுப் பக்கத்தில் சொத்து வரிக்கு நேராக மூன்று தொகைகள் இருக்கும்: போன வருஷம் உண்மையில் வந்தது, இந்த வருஷத் திருத்திய மதிப்பீடு, அடுத்த வருஷ மதிப்பீடு. மூன்றாவது தொகை முதல் தொகையைவிட மிக அதிகமாக இருந்தால், அந்தப் புத்தகத்தின் செலவுப் பகுதியில் எழுதியிருக்கும் வேலைகளில் கணிசமானவை நடக்காது. எது நடக்காது என்று கண்டுபிடிக்க, உங்கள் வார்டு எண் வரும் வரிகளைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வையுங்கள், வருஷக் கடைசியில் அந்தத் தாளோடு கவுன்சிலர் வீட்டுக்குப் போங்கள். புத்தகத்தில் எந்தத் தலைப்பாவது புரியவில்லை என்றால் அதன் பெயரை அப்படியே இங்கே எழுதுங்கள், விளக்குகிறேன்.